மரத்தை விடுங்கள், பட்டியலில் தொடங்குங்கள்

தம்பி, உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் ஒரு தோட்டத் தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள் நீங்கள். வகுப்புப் படங்கள், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் கூட்டக் குறிப்புகள், தோட்ட அலுவலகத்தை மூடியபோது யாரோ காப்பாற்றிக் கொடுத்த செக்ரோல் (வருகை, கூலிப் பதிவு) பேரேடுகள், கோயில் திருவிழா ரசீதுகள் என்று நாலாயிரத்துக்கு மேற்பட்ட கோப்புகளை ஸ்கேன் செய்து வைத்திருக்கிறீர்கள். அவற்றை எல்லாரும் இணையத்தில் பார்க்கவும் சேர்க்கவும் அடுக்கிவைக்கவும் ஒரு செயலி கட்டுகிறீர்கள். விண்டோஸ் எக்ஸ்புளோரர் போல இடப்பக்கம் கிளைவிடும் கோப்புறை மரம், வலப்பக்கம் கோப்புகள், இழுத்துவிட்டால் இடம் மாறவேண்டும் என்பது உங்கள் திட்டம். மூன்று வாரமாக அந்த மரத்தோடு போராடுகிறீர்கள். கைப்பேசியில் இழுப்பது சரிவரவில்லை. எந்த லைப்ரரியை (ஆயத்த நிரல்தொகுப்பை) எடுப்பது, கோப்புறைகளைச் சர்வரின் வன்வட்டில் அப்படியே வைக்கலாமா என்று கேட்கிறீர்கள்.

வட்டில் அப்படியே வைக்காதீர்கள். மரத்தை இப்போதைக்குத் தூக்கி ஓரமாக வையுங்கள். நல்ல பட்டியல், மேலே எந்தக் கோப்புறைக்குள் நிற்கிறோம் என்று காட்டும் பாதைவரி, ஒரு தேடல் பெட்டி, இவை மூன்றும் முதலில் வரட்டும். ஏன் என்று விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் நீங்கள் செய்வதைப் போன்ற வேலையை இதே ஊரில் இருந்துகொண்டு நானும் செய்திருக்கிறேன், நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலேயே இரண்டு மாதம் நின்றிருக்கிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இங்குள்ள ஒரு சங்கத்துக்காக நான் கட்டியது அச்சு அசல் எக்ஸ்புளோரர்தான். மரம் விரிந்தது, சுருங்கியது, இழுத்தால் நகர்ந்தது. பிறகு அதைப் பயன்படுத்தப் போகிறவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். ஒருவர் ஓய்வுபெற்ற தோட்டக் கிராணி, அதாவது கணக்கெழுத்தர். இன்னொருவர் பள்ளி ஆசிரியை. மற்றவர்கள் கோலாலம்பூரிலும் பினாங்கிலும் கைப்பேசியில் திறக்கும் பிள்ளைகள். ஒருவர்கூட மரத்தின் கிளைகளை விரித்துக்கொண்டு போகவில்லை. கிராணி ஐயா கேட்டது ஒன்றே ஒன்று: “எங்கள் அப்பா பேர் இருக்கிற பேரேடு எங்கே?” ஆசிரியை தேடியது ஆயாக் கொட்டகை (குழந்தைக் காப்பகம்) முன்னால் எடுத்த ஒரு படம். அது ‘படங்கள்’ என்ற கோப்புறையில் இருக்கிறதா, ‘தோட்டம்’ என்பதில் இருக்கிறதா, ‘1968’ என்பதில் இருக்கிறதா என்று எப்படித் தெரியும்? மூன்றிலும் இருக்க நியாயம் உண்டு. மரமோ ஒரு பொருளுக்கு ஓரிடம்தான் தரும்.

கோப்புறை என்ற உருவகமே அலுவலக மேசையிலிருந்து வந்தது. ஜெராக்ஸ் நிறுவனம் 1981-இல் வெளியிட்ட ஸ்டார் கணினி, திரையில் மேசையையும் கோப்புறையையும் தாள்களையும் வைத்தது. அந்த அலுவலகத்தில் ஒரு தாள் ஒரு கோப்புறையில்தான் இருக்க முடியும். நம் தோட்ட அலுவலகத்து அலமாரியும் அப்படித்தான். ஆனால் அங்கே அலமாரியோடு கிராணியும் இருந்தார். எந்தப் பேரேடு எந்தத் தட்டில் என்பது அவர் மனத்தில் இருந்தது. நாம் அலமாரியை மட்டும் திரைக்குக் கொண்டுவந்து, கிராணியை வெளியே நிறுத்திவிடுகிறோம். உங்கள் செயலி கிராணியின் வேலையைச் செய்யவேண்டும்.

இனி அடித்தளத்துக்கு வருகிறேன். திரையில் தெரியும் எல்லாச் சுகமும் இதிலிருந்துதான் வருகிறது.

கோப்பின் பெயரையும் இருப்பிடத்தையும் அதன் உள்ளடக்கத்திலிருந்து பிரித்துவிடுங்கள். உள்ளடக்கம் சேமிப்பகத்தில், பொருளற்ற ஓர் அடையாள எண்ணின் கீழ், ஒருமுறை எழுதியபின் அசையாமல் கிடக்கட்டும். பெயர், எந்தக் கோப்புறைக்குள், யார் ஏற்றியது, எந்த ஆண்டு ஆவணம் ஆகியவை தரவுத்தளத்தின் ஒரு வரிசையில் இருக்கட்டும். ஒவ்வொரு வரிசைக்கும் ஓர் எண், அதன் தாய்க் கோப்புறையின் எண். அவ்வளவுதான். ‘லயத்து வீடுகள்’ என்ற கோப்புறைக்கு ‘பழைய லயம்’ என்று பெயர் மாற்றினால் ஒரே ஒரு வரிசை மாறும், உள்ளே இரண்டாயிரம் படம் இருந்தாலும். பாதையை முழுதாக எழுதிவைத்திருந்தால் அந்த இரண்டாயிரத்தையும் மாற்றவேண்டி வரும்.

மேகச் சேமிப்பகத்தில் வைக்கப்போகிறீர்கள் என்றால் இது இன்னும் முக்கியம். 2006-இல் வந்த அமேசான் எஸ்3-இலும் அதைப் பின்பற்றிய பலவற்றிலும், நாம் வழக்கமாகப் பயன்படுத்தும் வகையில் கோப்புறை என்ற ஒன்றே கிடையாது. நீளமான பெயர்கள்தாம் உண்டு; பெயரில் வரும் சாய்கோட்டை வைத்துக் கோப்புறை போலக் காட்டுகிறார்கள். அங்கே ‘கோப்புறையின் பெயரை மாற்று’ என்றால் உள்ளே உள்ள ஒவ்வொரு பொருளையும் புதுப் பெயரில் நகலெடுத்துப் பழையதை அழிக்கவேண்டும். பட்டியல் கேட்டாலும் ஒரு தடவைக்கு அதிகபட்சம் 1,000 பெயர்தான் வரும். மீதிக்குத் தொடர்ச்சிச் சீட்டைக் காட்டி மறுபடி கேட்கவேண்டும். இதை நேரடியாகத் திரையோடு இணைத்தவர்கள் எல்லாரும் பின்னால் வருந்தியிருக்கிறார்கள்.

பாதைவரிக்காக ஒரு கோப்புறையின் முன்னோர்களைத் தேடுவது கடினம் இல்லை. போஸ்ட்கிரெஸ், எஸ்கியூலைட், மைஎஸ்கியூஎல் 8 ஆகிய மூன்று தரவுத்தளங்களுமே தன்னையே திரும்ப அழைக்கும் வினவலை அறியும். ஒரு கோப்புறையை நகர்த்தும்போது மட்டும் கவனம் தேவை: அது தன் சொந்த வழித்தோன்றலுக்குள் போகக்கூடாது. தாத்தாவைப் பேரனுக்குப் பிள்ளையாக்கினால் அந்தக் கிளை முழுவதும் வேரிலிருந்து துண்டாகி, திரையில் எங்குமே தெரியாமல் போய்விடும். இந்தச் சோதனையைச் சர்வரில் செய்யுங்கள். உலாவியில் செய்தால் இரண்டு பேர் ஒரே நேரத்தில் நகர்த்தும்போது ஏமாந்துவிடும்.

அழிப்பது உடனே அழிப்பதாக இருக்கக்கூடாது. நீக்கிய தேதியை எழுதிப் பட்டியலிலிருந்து மறைத்துவிடுங்கள், முப்பது நாள் கழித்துத் துடைக்கலாம். நான் கட்டிய முதல் வடிவத்தில், ஒருவர் தொடுபலகையில் விரல் நழுவி ஒரு கோப்புறையை வேறொன்றுக்குள் இழுத்துவிட்டார். காணாமல் போய்விட்டது என்று பயந்து அன்றைய நாள் முழுவதும் எதையும் தொடவில்லை. பிறகு ஒவ்வொரு நகர்த்தலுக்கும் நீக்கலுக்கும் திரையின் அடியில் ‘‘பால் ஸ்டோர்’ கோப்புறை ‘1971’-க்குள் போனது. திரும்பப் பெறு’ என்று ஒரு வரி காட்டினேன். அன்றிலிருந்துதான் அவர்கள் துணிந்து அடுக்கத் தொடங்கினார்கள். ‘உறுதியாகவா?’ என்று கேட்கும் பெட்டியைவிட இந்த ஒரு வரி பத்து மடங்கு மேல். அந்தப் பெட்டியை யாரும் படிப்பதில்லை. கை தானாக ‘ஆம்’ என்று அழுத்திவிடுகிறது.

பட்டியல் என்று சொன்னேன் அல்லவா, அதன் முதல் இலக்கணம் முகவரி. ஒவ்வொரு கோப்புறைக்கும், திறந்திருக்கும் ஒவ்வொரு படத்துக்கும் தனி இணைய முகவரி வேண்டும். பின்செல்லும் பொத்தானை அழுத்தினால் முந்தைய கோப்புறைக்கே போகவேண்டும். செயலியைவிட்டு வெளியே எறியக்கூடாது. நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில்தான் எல்லாவற்றையும் பகிர்கிறார்கள். “இதோ பார், பெரட்டு வரிசையில் மூன்றாவதாக நிற்பது உன் பாட்டி” என்று ஓர் அக்கா முகவரியை அனுப்பினால் அந்தப் படமே திறக்கவேண்டும். முகப்புப் பக்கம் திறந்தால் அவருடைய உற்சாகம் அங்கேயே அணைந்துவிடும்.

வரிசைகளை எப்படிக் கொண்டுவருவது? ‘ஏழாம் பக்கம்’ என்று எண்ணிக் கேட்காதீர்கள்; ‘கடைசியாகக் காட்டிய பெயருக்கு அடுத்த நூறு’ என்று கேளுங்கள். நீங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஈப்போவில் ஒருவர் புதுப் படம் ஏற்றினால், எண்ணிக் கேட்கும் முறையில் ஒரு வரிசை இரண்டு முறை வரும். யாராவது ஒன்றை நீக்கினால் ஒன்று விடுபடும். கண்ணுக்குத் தெரியும் வரிசைகளை மட்டும் வரையும் உத்தியைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். உங்களுக்கு அது வேண்டாம். ஒரு கோப்புறையில் அறுநூறு கோப்புகள் என்றால் நூறு நூறாகக் கொண்டுவந்து அப்படியே வரையலாம், உலாவி தாங்கும். அந்த உத்தியைப் போட்டால் உலாவியின் ‘இந்தப் பக்கத்தில் தேடு’ வேலை செய்யாது, பார்வையற்றோருக்குப் படித்துக்காட்டும் திரைவாசிப்பானுக்கும் பாதிப் பட்டியல்தான் தெரியும். பல்லாயிரக்கணக்கில் வரும்போது யோசிக்கலாம்.

இப்போது நான் மிகவும் வலியுறுத்த விரும்பும் பகுதி. ஆங்கிலத்தில் எழுதப்பட்ட வழிகாட்டிகள் பெரும்பாலானவற்றில் இது இருக்காது, நம் செயலிகள் உடைவதோ இங்கேதான்: தமிழ்ப் பெயர்கள்.

‘தோட்டம்’ என்று ஒரு கோப்புக்குப் பெயர் வைக்கிறீர்கள். ‘தோ’ என்ற எழுத்தை யூனிகோடில் இரண்டு விதமாக எழுதலாம். தகரத்தோடு ஓகாரக் குறி என்ற ஒரே குறியீடு சேர்ந்தது ஒரு விதம். தகரம், இரட்டைக்கொம்பு, கால் என்று மூன்று குறியீடுகளாகப் பிரிந்து நிற்பது இன்னொரு விதம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு வெவ்வேறு. ‘கொ’, ‘கோ’, ‘கௌ’ வரிசைகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். மேக் கணினிகளின் பழைய கோப்பு முறைமை பெயர்களைப் பிரித்த வடிவிலேயே சேமித்தது. விண்டோஸில் தட்டச்சு செய்தால் பெரும்பாலும் சேர்ந்த வடிவில் வரும். ஆகவே ஒருவர் மேக்கிலிருந்து ஏற்றிய ‘தோட்டம்’ தேடலில் அகப்படாது. ஒரே கோப்புறையில் ஒரே பெயரில் இரண்டு கோப்புகள் பல்லிளிக்கும். இதற்கு மருந்து எளிது. பெயர் உள்ளே வரும் வாசலிலேயே என்எஃப்சி என்ற சேர்ந்த வடிவுக்கு மாற்றிவிடுங்கள்; ஜாவாஸ்கிரிப்டில் அதற்கு நார்மலைஸ் என்ற ஒரே அழைப்புப் போதும். தேடல் சொல்லையும் அப்படியே மாற்றுங்கள். ஒரே தாய்க்குக் கீழ் ஒரே பெயர் இரண்டு முறை வரக்கூடாது என்ற கட்டுப்பாட்டை மாற்றிய வடிவின்மேல் வையுங்கள்.

அடுத்தது அகரவரிசை. யூனிகோடில் தமிழ் எழுத்துகள் நம் நெடுங்கணக்கின் வரிசையில் இல்லை. நகரத்தை அடுத்து னகரமும், ரகரத்தை அடுத்து றகரமும் நிற்கின்றன. சகரத்துக்கும் ஞகரத்துக்கும் நடுவே ஜகரம். குறியீட்டு எண்படி அடுக்கினால் ‘மனு’ முதலில் வந்து ‘மரம்’ பின்னால் வரும். நெடுங்கணக்கில் ரகரம் முன்னால், னகரம் கடைசி. ஆகவே ‘மரம்’தான் முதலில் வரவேண்டும். பள்ளியில் அகரவரிசை படித்த எவரும் இந்தப் பிழையைப் பார்த்தவுடன் உணர்வார்கள், ஆனால் எங்கே பிழை என்று சொல்லத் தெரியாமல் “உங்கள் பட்டியல் குழப்பமாக இருக்கிறது” என்பார்கள். உலாவியில் இருக்கும் இன்ட்ல் கொலேட்டர் என்ற அடுக்கும் கருவியைத் தமிழ் என்று குறித்துப் பயன்படுத்துங்கள். அதிலேயே எண்களை எண்ணாகப் பார்க்கும் விருப்பத்தையும் இயக்கிவிட்டால் ‘பக்கம் 10’ என்பது ‘பக்கம் 2’-க்கு முன்னால் ஓடிவராது. ஒன்றை மட்டும் மறக்காதீர்கள்: நூறு நூறாகக் கொண்டுவரும்போது அடுக்குவது தரவுத்தளத்தின் வேலை, ஆகவே அங்கேயும் இதே வரிசைமுறையை அமைக்கவேண்டும். போஸ்ட்கிரெஸில் ஐசியூ என்ற மொழிவாரி வரிசைமுறையைத் தேர்ந்தெடுத்தால் தமிழ் சரியாக வரும். இரண்டு இடத்தில் இரண்டு வரிசை என்றால் பட்டியல் துள்ளிக்கொண்டே இருக்கும்.

நீளமும் ஒரு சிக்கல். லினக்ஸில் பரவலாக உள்ள எக்ஸ்ட்4 கோப்பு முறைமையில் ஒரு கோப்புப் பெயர் 255 பைட்டைத் தாண்டக்கூடாது. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைட். யூடிஎஃப்-8 என்ற சேமிப்பு முறையில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட். மெய்யெழுத்துக்கும் உயிர்மெய்க்கும் பெரும்பாலும் இரண்டு குறியீடுகள். ‘தமிழ்ப்பள்ளி’ என்ற ஒரு சொல்லே 36 பைட். ஆக ஐம்பது, அறுபது எழுத்தில் இடம் முடிந்துவிடும். ‘தோட்டத் தமிழ்ப்பள்ளி பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுப் பொதுக்கூட்ட அறிக்கை’ என்று நம் செயலாளர்கள் பெயர் வைப்பது வழக்கம், அதில் தவறும் இல்லை. நான் மேலே சொன்னபடி பெயரைத் தரவுத்தளத்தில் மட்டும் வைத்தால் இந்தத் தொல்லை உங்களைத் தொடாது. பதிவிறக்கும்போதும் ஒட்டுமொத்தமாக ஜிப் கட்டித் தரும்போதும் மட்டும் பெயரைச் சுருக்கவேண்டும். அப்போது குறியீடு குறியீடாக வெட்டினால் ‘பள்ளி’ என்பது ‘பள்ள’ என்று பாதி உயிரோடு நிற்கும். கண்ணுக்குத் தெரியும் எழுத்தாகப் பிரிக்க இன்ட்ல் செக்மென்டர் இருக்கிறது. திரையில் சுருக்கும்போதும் வாலை வெட்டாமல் நடுவை வெட்டுங்கள். நம் பெயர்களில் ஆண்டும் ‘பாகம் 3’ என்பதும் கடைசியில்தான் இருக்கும்.

தேடலில் இன்னொரு நுணுக்கம் நம் மண்ணுக்கே உரியது. செக்ரோல் பேரேடுகள் ஆங்கிலத்தில் எழுதப்பட்டவை. ஆட்களின் பெயரைக் கிராணி காதில் விழுந்தபடி எழுதினார். அதனால் ஒரே முனியாண்டி ஒரு பேரேட்டில் ஒரு விதமாகவும் அடுத்ததில் வேறு விதமாகவும் ரோமன் எழுத்தில் கிடப்பார். தேடும் பேரனோ தமிழில் தட்டுவான், அல்லது தன் அடையாள அட்டையில் இருக்கும் எழுத்துக்கூட்டில் தட்டுவான். கோப்பின் பெயரை மட்டும் தேடினால் எதுவும் கிடைக்காது. ஒவ்வொரு ஆவணத்துக்கும் ‘இதில் வரும் பெயர்கள்’ என்ற புலம் வைத்து, பெயருக்குப் பல எழுத்துக்கூட்டுகளைச் சேர்க்க இடம் கொடுங்கள். போஸ்ட்கிரெஸின் மூவெழுத்து ஒப்பீடு நெருங்கிய எழுத்துக்கூட்டுகளைப் பிடித்துத் தரும். தமிழ்ச் சொற்களில் ‘தோட்டம்’, ‘தோட்டத்து’, ‘தோட்டங்கள்’ என்று ஈறு மாறுவதற்கும் அதுவே ஓரளவு உதவும். கிராணி ஐயா கேட்ட கேள்விக்கு விடை கிடைத்தது இந்தப் புலம் வந்த பிறகுதான்.

ஆண்டுக்கும் தனிப் புலம் வேண்டும். கோப்பின் தேதி நீங்கள் ஸ்கேன் செய்த தேதி. அதை வைத்து அடுக்கினால் 1959-இல் எடுத்த படம் போன மாதத்தில் வந்து நிற்கும். ‘எந்த ஆண்டிலிருந்து, எந்த ஆண்டு வரை’ என இரண்டு எண்ணாக வையுங்கள். பழைய படங்களுக்குச் சரியான தேதி யாருக்கும் தெரியாது, “செம்பனை வருவதற்கு முன்னால், ரப்பர் மரம் இருந்தபோது” என்றுதான் சொல்வார்கள். அதை 1960 முதல் 1972 வரை என்று எழுதமுடிய வேண்டும்.

பழைய கூட்டக் குறிப்புகளில் தட்டச்சு செய்த கோப்புகள் இருந்தால் திறந்து பாருங்கள். யூனிகோடுக்கு முந்தைய எழுத்துருக்களில் அடித்தவை முன்தோற்றத்தில் பொருளற்ற குறிகளாகத் தெரியும். நம் நாட்டின் முத்து நெடுமாறன் உருவாக்கிய முரசு அஞ்சல் மென்பொருளில் பலர் அந்தக் காலத்தில் எழுதினார்கள். டிஸ்கி போன்ற குறியேற்றங்களை யூனிகோடுக்கு மாற்றும் கருவிகள் உண்டு. மூலக் கோப்பை அப்படியே வைத்துக்கொண்டு, மாற்றிய உரையைப் பக்கத்தில் தேடலுக்கென்று சேமியுங்கள். மூலத்தைத் தொடவே தொடாதீர்கள்.

இழுத்துவிடுவது பற்றி. கணினியில் அது ஒரு வசதி. கைப்பேசியில் அதை நம்பி இருக்க முடியாது, விரல் இழுத்தால் பக்கம் நகரவேண்டும் என்றுதான் எல்லாரும் பழகியிருக்கிறார்கள். அக்டோபர் 2023-இல் வந்த டபிள்யூசிஏஜி 2.2 என்ற, இணையத்தை எல்லாரும் அணுகுவதற்கான நெறியே, இழுத்துச் செய்யும் எந்தச் செயலையும் இழுக்காமல் செய்ய வழி இருக்கவேண்டும் என்கிறது. ஆகவே கோப்புகளைத் தேர்ந்தெடு, ‘நகர்த்து’ பொத்தானை அழுத்து, இலக்குக் கோப்புறையைத் தேர்ந்தெடு என்ற மூன்று படி வழியை முதலில் கட்டுங்கள். கைப்பேசியில் நீண்ட அழுத்தம் தேர்வுநிலையைத் திறக்கட்டும், கூடவே கண்ணுக்குத் தெரியும் ‘தேர்ந்தெடு’ பொத்தானும் இருக்கட்டும். நீண்ட அழுத்தம் என்ற ஒன்று இருப்பதே பலருக்குத் தெரியாது. தொடும் இடங்கள் அந்த நெறியில் குறைந்தது 24 பிக்சல் என்கிறார்கள். ரப்பர்ப் பால் வெட்டிய கைகள் தொடப்போகும் திரை இது, நான் 48 வைப்பேன்.

அந்த ‘எங்கே நகர்த்துவது’ பெட்டிக்குள் மரம் பயன்படும், அதை ஒப்புக்கொள்கிறேன். அங்கே கட்டும்போது விசைப்பலகையையும் சேர்த்துக் கட்டுங்கள்: வலது அம்பு மூடிய கிளையைத் திறக்கும், திறந்திருந்தால் முதல் பிள்ளைக்குப் போகும்; இடது அம்பு மூடும், மூடியிருந்தால் தாய்க்குப் போகும். மேல், கீழ் அம்புகள் கண்ணுக்குத் தெரியும் வரிசைகளில் நடக்கும். மரம் முழுவதிலும் டேப் விசை நிற்கும் இடம் ஒன்றுதான். திரைவாசிப்பானுக்கு நிலையைச் சொல்லும் அரியா பண்புகளில் மட்டம், விரிந்ததா என்ற நிலை, தேர்வு மூன்றும் சரியாக இருந்தால் அது பேசும். இதை அரைகுறையாகச் செய்வதைவிட சாதாரணப் பட்டியலும் இணைப்புகளும் மேல். உங்கள் மூன்று வாரம் இங்கேதான் போயிருக்கிறது என்று நினைக்கிறேன்.

பதிவேற்றத்துக்கு வருவோம். கோப்பைத் தேர்ந்தெடுக்கும் சாதாரண உள்ளீட்டுப் பெட்டி 1995-இல் ஆர்எஃப்சி 1867 என்ற இணையத் தர ஆவணம் வழியாக வந்தது, இன்றும் எல்லாக் கருவியிலும் நம்பத்தக்கது அதுதான். கைப்பேசியில் அதுவே கேமராவையும் படத்தொகுப்பையும் திறந்துகொடுக்கும். கணினியின் கோப்புறையை நேரடியாகத் திறந்து படிக்கும் புதிய வசதி குரோமில் 2020-இல் 86-ஆம் பதிப்போடு வந்தது. ஃபயர்ஃபாக்ஸிலும் சஃபாரியிலும் அந்தத் தேர்வுப் பெட்டி இல்லை. ஆகவே அதை அடித்தளமாக்காதீர்கள்.

முழுக் கோப்புறையை இழுத்துப் போட்டால் ஏற்கும்படி செய்யப்போகிறீர்கள் என்றால் ஒரு பள்ளம் இருக்கிறது. உள்ளடக்கத்தைப் படிக்கும் ரீட்என்ட்ரீஸ் அழைப்பு குரோமில் ஒரு தடவைக்கு நூறு பெயர்தான் தரும். வெறும் பட்டியல் திரும்பும்வரை மறுபடி மறுபடி அழைக்கவேண்டும். இது தெரியாமல் நான் ஏற்றியபோது 340 படங்களில் சரியாக நூறு மட்டும் வந்து சேர்ந்தது. பிழைச்செய்தி எதுவும் இல்லை, எல்லாம் முடிந்தது என்ற பச்சைக் குறிதான். இரண்டு வாரம் கழித்து ஒருவர் “எங்கள் வகுப்புப் படத்தைக் காணோம்” என்று கேட்டபோதுதான் தெரிந்தது. எத்தனை எடுத்தோம், எத்தனை வந்தது என்ற இரண்டு எண்களையும் எப்போதும் திரையில் காட்டுங்கள்.

தோட்டத்துக்குள் இணைப்பு ஒரு கோடு காட்டும், செம்பனைக்குள் நுழைந்தால் அதுவும் போகும். 40 மெகாபைட் ஸ்கேன் 38-இல் அறுந்தால் மீண்டும் சுழியிலிருந்து தொடங்கச் சொல்வது அவர்களுடைய தரவுப் பணத்தை வீணாக்குவது. விட்ட இடத்திலிருந்து தொடரும் டஸ் நெறிமுறையைப் பயன்படுத்துங்கள். எவ்வளவு வந்திருக்கிறது என்று சர்வரிடம் கேட்டு அங்கிருந்து அனுப்பும். முன்னேற்றப் பட்டையை உலாவியின் ஃபெட்ச் அழைப்பு வழியாகக் காட்டமுடியாது, பழைய எக்ஸ்எம்எல்எச்டிடிபி-ரிக்வெஸ்ட் வழிதான் ஏற்றத்தின் அளவைச் சொல்லும். ஐபோன் படங்கள் ஹெச்இஐசி வடிவில் வரலாம், குரோம் அதைக் காட்டாது; சர்வரில் ஜேபெக் நகல் ஒன்று எடுத்துக்கொள்ளுங்கள். வாட்ஸ்அப்பில் வந்த படங்களின் பெயர் ‘ஐஎம்ஜி-20190114-டபிள்யூஏ0003’ என்ற அச்சில் இருக்கும். அந்தத் தேதி படம் வாட்ஸ்அப் வழியாக வந்த நாள், எடுத்த நாள் அன்று. அதை ஆண்டுப் புலத்தில் தானாக நிரப்பிவிடாதீர்கள்.

பாதுகாப்பில் சுருக்கமாகச் சொல்கிறேன், ஆனால் தட்டிக்கழிக்காதீர்கள். உலாவி அனுப்பும் பாதையை வைத்து ஒருபோதும் வட்டைத் திறக்காதீர்கள். இரண்டு புள்ளியும் சாய்கோடும் போட்டு மேலே ஏறிச் சர்வரின் பிற கோப்புகளைப் படிப்பது மிகப் பழைய தந்திரம். அடையாள எண்ணை மட்டும் ஏற்றால் அந்தக் கதவே இல்லை. பிறர் ஏற்றும் எச்டிஎம்எல், எஸ்விஜி கோப்புகளுக்குள் நிரல் ஒளிந்திருக்கும். அவற்றை உங்கள் செயலியின் முகவரியிலேயே திறந்துகாட்டினால் அது பார்ப்பவரின் உள்நுழைவைக் களவாடலாம். ஏற்றிய கோப்புகளைத் தனி டொமைனிலிருந்து கொடுங்கள், கூகுள் செய்வதும் அதுதான். அனுமதியை ஒவ்வொரு கோப்பிலும் சர்வரில் சரிபாருங்கள். பொத்தானை மறைப்பது அனுமதி ஆகாது.

நம் ஆவணங்களில் அடையாள அட்டை எண்கள் இருக்கும். பன்னிரண்டு இலக்கத்தில் முதல் ஆறு பிறந்த தேதி. பள்ளிச் சேர்க்கைப் பதிவு, பிறப்புச் சான்று போன்றவற்றைப் பொதுவில் காட்டும் கோப்புறையில் வைக்கவே கூடாது, அந்த எண்ணைக் கோப்புப் பெயரிலும் எழுதக்கூடாது. பெயர் தேடலில் வரும், பகிர்ந்த முகவரியில் வரும், சர்வரின் பதிவேட்டில் தங்கும். இறந்துபோனவரின் பேரேட்டுப் பக்கத்தைக் காட்டும் முன்னும் குடும்பத்தைக் கேட்பது நம் மரியாதை.

கடைசியாக, லைப்ரரி. எல்ஃபைண்டர் போல எக்ஸ்புளோரரை முழுதாகத் தருபவை இருக்கின்றன. ஆனால் அவை பெரும்பாலும் வட்டின் மரத்தை அப்படியே காட்டுபவை, நீங்கள் வேண்டாம் என்று விடவேண்டிய அமைப்பையே உங்கள்மேல் சுமத்தும். எல்ஃபைண்டரில் 2021-இல் சர்வரையே கைப்பற்ற இடம்தரும் குறைகள் கண்டுபிடிக்கப்பட்டு 2.1.59 பதிப்பில் சரிசெய்யப்பட்டன; அதைப் போட்டுவிட்டு மேம்படுத்த ஆளில்லாத சங்கத்துக்கு அது ஆபத்து. பதிவேற்றத்துக்கு மட்டும் அப்பி என்ற லைப்ரரியை எடுங்கள், டஸ் அதற்குள்ளேயே இருக்கிறது. பட்டியலையும் பாதைவரியையும் நீங்களே எழுதுங்கள். அது சில நூறு வரி நிரல்தான்.

வரும் சனிக்கிழமைக்குள் நூறு படங்களோடு ஒரு பட்டியலும் தேடல் பெட்டியும் மட்டும் தயார் செய்து, உங்கள் தோட்டத்தில் வயதானவர் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்துவிட்டு அவர் முதலில் எதைத் தேடுகிறார் என்று எழுதிக்கொள்ளுங்கள். பேரேடுகளை எத்தனை டிபிஐயில் ஸ்கேன் செய்தீர்கள், ஒரு பக்கம் ஒரு கோப்பா, முழுப் பேரேடும் ஒரே பிடிஎஃப்பா என்று நீங்கள் எழுதவில்லை. அதைச் சொன்னால் முன்தோற்றப் படங்களின் அளவையும் தரவுத்தளத்தில் பக்கங்களை எப்படி வைப்பது என்பதையும் பார்த்துச் சொல்கிறேன்.